பின்கதவால் வந்த பற்றீஸ்

தான் துல்மாவை வேலையை விட்டு நிறுத்தவே இல்லை என்று இக்னேசியஸ் இன்றைக்கும் அந்தோனியார் மேல் சத்தியம் பண்ணிச் சொல்வார். அது உண்மைதான். நிறுத்தியிருந்தால் அதிலாவது ஒரு நேர்மை இருந்திருக்கும். மனுசன் செய்தது அதைவிடக் கேவலமான காரியம். அதைச் சொல்வதற்கு முன்னால், ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையின் குசினிக்குள் ஒரு மொங்கோலியப் பெண்ணுக்கு என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன்.

இக்னேசியஸும் மனைவி பேபியும் நடத்துவது சாப்பாடு கட்டிக்கொடுக்கிற ஒரு ரேக்கவுட் கடை. நகைக்கடைக்கும் கார் ஓட்டப் பழக்கும் இடத்துக்கும் நடுவில், பிளாசாவின் மூலையில் இருக்கிறது. அங்கே பதினைந்து வருடமாகச் சமைக்கிறவள் றோசலின். அவள் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில், அதே மாடியில், துல்மாவும் புருசன் தோர்ஜும் குடிவந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபாதை முழுக்க ஆட்டிறைச்சியும் வெங்காயமும் பொரிகிற வாசம். றோசலின் மூக்கைப் பின்தொடர்ந்து போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே துல்மா மாவை வட்டமாகத் தட்டி, இறைச்சியை வைத்து, அரைநிலாவாக மடித்து, ஓரத்தைப் பின்னிக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊரில் அதற்குக் 'கூஷூர்' என்று பெயர்.

“எடியே, உது எங்கட பற்றீஸ் எல்லே!” என்றாள் றோசலின். துல்மாவுக்கு அன்றைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். அடுத்த கிழமை அவள் இக்னேசியஸின் குசினியில் நின்றாள்.

அவள் கை பட்ட பற்றீஸின் ஓரம் சின்னப் பிள்ளையின் தலைப்பின்னல் மாதிரி இருக்கும். எண்ணெய்க்குள் போட்டால் வெடிக்காது. கொஞ்ச நாளில் சனம் போன் எடுத்து “பின்னல் பற்றீஸ் இருக்கோ?” என்று கேட்கத் தொடங்கியது. பூப்புனித நீராட்டு விழா, அந்தியேட்டி, பிறந்தநாள் என்று எதற்கும் பின்னல் பற்றீஸ்தான். ஆறு வருடத்தில் துல்மா தமிழும் பழகிவிட்டாள். புத்தகத் தமிழ் இல்லை, குசினித் தமிழ். “அக்கா, எண்ணெய் கொதிக்குது, விலத்துங்கோ” என்று அவள் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பருத்தித்துறைப் பெண் என்றுதான் நினைப்பீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் கடைக்கு வருகிறவர்களின் வாயில் அவள் “அந்தச் சீனத்தி” தான். துல்மா ஒரு தரம் திருத்தினாள், இரண்டு தரம் திருத்தினாள், பிறகு விட்டுவிட்டாள்.

துல்மா பிறந்தது புல்வெளியில். வீடு என்பது கம்பளிக் கூடாரம். ஒரு குளிர்காலத்தில் பனி விழுந்து, இளகி, திரும்ப உறைந்து, புல்லுக்கு மேல் கண்ணாடி போட்டது போல மூடிவிட்டது. ஆடும் மாடும் கால் குளம்பால் கிண்டிக் கிண்டிப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே செத்தன. தகப்பன் கூடாரத்தை மடித்து லொறியில் ஏற்றிக்கொண்டு தலைநகரத்துக்குப் போனார். அங்கே நகரத்தின் விளிம்பில் இருந்த மலைச்சரிவில், அவரைப் போலவே எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களின் கூடாரங்கள் வேலி வேலியாக நின்றன. தண்ணீர்க் குழாய் இல்லை, கக்கூசு வெளியே. குளிருக்கு எரிக்க நிலக்கரி மட்டும் தாராளம். வெள்ளைத் துணியை வெளியே காயப்போட்டால் சாம்பல் நிறத்தில்தான் எடுக்கலாம். பிள்ளைகள் மார்கழியில் தொடங்கிய இருமலைப் பங்குனியில் முடித்தார்கள்.

அந்தப் புகை தாயைக் கொண்டுபோகும் என்று துல்மா பயந்திருந்தாள். தாயைக் கொண்டுபோனது ஈரல். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. முன்னமே ஒரு சோதனை செய்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். முன்னமே சோதிக்க வேண்டும் என்று அந்தப் புல்வெளியில் தாய்க்கு யார் சொன்னார்கள்?

தாயின் ஈரலைத் தின்ற அதே கிருமி துல்மாவுக்கும் வந்தது. தாய் வயிற்றில் இருந்து வந்ததா, பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்க வைத்து ஒரே ஊசியால் குத்தினார்களே, அதிலிருந்து வந்ததா, தெரியாது. குத்தினவளுக்கும் தெரியாது. நோய் வராமல் இருக்க என்று கையை நீட்டின பிள்ளைகளுக்கு நோயைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், இதற்காக ஒருத்தரும் மறியலில் கம்பி எண்ணவில்லை. பிறகு ஒரு காலத்தில் மண்டபத்துக்குள் கூப்பிட்டு அயலில் எல்லாருடைய இரத்தத்தையும் சோதித்தார்கள். தோர்ஜுக்கு ஈரல் அழற்சியில் சி என்ற வகை. அதற்கு மாத்திரை இருந்தது, மூன்று மாதம் போட்டுச் சுகமாகிவிட்டது. துல்மாவுக்குப் பி. அது போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். நாளுக்கு ஒரு மாத்திரை, வருடத்துக்கு இரண்டு தரம் ஈரலை ஸ்கான் பண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்கானை விடாமல் செய்கிறவர் பிழைப்பார், விட்டவர் தாயின் வழியில் போவார். துல்மா இதைத் தாயின் கட்டில் பக்கத்தில் இருந்து படித்தவள்.

அங்கே இதை ஒருவரும் ஒளிப்பதில்லை. வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிற வியாதியை யாரிடம் ஒளிப்பது? “எனக்குப் பி, அவருக்குச் சி” என்று இரத்த வகையைச் சொல்வது போலச் சொல்வார்கள். விருந்துக்குப் போன இடத்தில் வீட்டுக்காரர் மதுக் கிண்ணத்தை நீட்டினால் வேண்டாம் என்று தள்ளுவது அவமரியாதை. வலது கையால் வாங்கி, மோதிர விரலை அதில் தொட்டு, வானத்தை நோக்கிச் சுண்டி, உதட்டில் வைத்துப்போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு மேலும் வற்புறுத்தினால், “ஈரலில் பி” என்றால் போதும். கிண்ணத்தை நீட்டியவரே வெட்கப்பட்டுக் கீழே வைப்பார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று விசாரிப்பார். அவர்களுடைய நாகரிகம் அப்படி.

எங்கள் நாகரிகம் வேறு. நாங்கள் வேண்டாம் என்பதற்குப் பொய் சொல்லிப் பழகிய ஆட்கள். கார் ஓட்ட வேணும், விரதம், பல்லுக் கொதி, இப்பதான் குடிச்சனான். உண்மையைச் சொல்லி மறுக்கிறவரை எங்களுக்குப் பழக்கமில்லை.

கடந்த மார்கழியில் இக்னேசியஸின் பேத்திக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். மண்டபம் எடுத்து, மேடை போட்டு, குதிரை வண்டி மட்டும்தான் குறை. கடையில் வேலை செய்கிறவர்களுக்கும் அழைப்பு. துல்மா ஊரிலிருந்து கொண்டுவந்த நீலப்பட்டு அங்கியைப் போட்டுக்கொண்டு போனாள். மேசை மேசையாகப் போத்தலோடு வந்தவன் பேபியின் தம்பி அன்ட்ரூ.

“ஒரு சொட்டு எண்டாலும் எடும் பிள்ளை. எங்கட வீட்டு நன்மை நாள், மதிப்புக்காக” என்று கிளாசை நீட்டினான்.

மதிப்பு என்ற சொல்தான் அவளைப் பிடித்தது. எழுந்து நின்றாள். வலது கையால் வாங்கினாள். மோதிர விரலைத் தொட்டு வானத்துக்குச் சுண்டினாள், உதட்டில் வைத்தாள், கிளாசைத் திருப்பிக் கொடுத்தாள். அன்ட்ரூ விடவில்லை. அவள் சிரித்துக்கொண்டே, நல்ல தெளிவான தமிழில், “எனக்கு ஈரலிலை பி இருக்கு அண்ணை. குடிக்கேலாது” என்றாள்.

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்பார்கள் என்று அவள் காத்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் தன் தட்டை மெதுவாக மற்றப் பக்கம் இழுத்தாள்.

அடுத்த நாள் பூசை முடிந்து சனம் கார்களுக்குப் போவதற்குள் கதை கால் முளைத்து நடந்துவிட்டது. சீனத்திக்குச் செங்கமாரியாம், கண் மஞ்சளாகிற வியாதியாம். கிளாசுக்குள் கையை விட்டுக் கலக்கி எல்லார் மேலும் தெளித்தாளாம். அந்தக் கையால்தான் ஆறு வருடமாகப் பற்றீஸ் பின்னுகிறாளாம். இவ்வளவு காலமும் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லையே என்று ஒரு மனிதப்பிறவி யோசித்ததா? கடைப் போன் ஓயவில்லை. ஓடர்களை வெட்டினார்கள். பிரதீபா என்று ஒரு வாடிக்கையாளர், பிக்கரிங்கில் இருந்து கார் ஓட்டி வந்து பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு போகிறவ, “அவள் நிக்கிறவரைக்கும் நான் உங்கட கடைப்பக்கம் வரமாட்டன்” என்றே பேபிக்குச் சொல்லிவிட்டா.

துல்மா குடும்ப டொக்டரிடம் ஓடினாள். டொக்டர் எழுதிக் கொடுத்தது வெறும் நாலு வரி: இது சாப்பாட்டால் பரவாது, தொட்டால் பரவாது, கிளாசால் பரவாது, இரத்தத்தாலும் உடலுறவாலும்தான் பரவும், இவர் சமையல் வேலை செய்யத் தடை எதுவும் இல்லை. இக்னேசியஸ் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

“எனக்கு விளங்குது பிள்ளை. எனக்கென்ன பயமே? சனத்துக்கு விளங்காதே. சனம் ஒரு மாதிரி.”

இந்த “சனம்” என்ற சொல்லைப் போல வசதியான சொல் தமிழில் இன்னொன்று இல்லை. இதே இக்னேசியஸ் அகதியாக வந்து பார்க்டேலில் அறை தேடி அலைந்தவர். கறி மணக்கும், நோய் கொண்டுவருவார்கள் என்று கதவை முகத்தில் சாத்தின வீட்டுக்காரர்களைப் பற்றி, போத்தல் உடைக்கிற இடத்திலெல்லாம் கண் கலங்கக் கதை சொல்கிறவர். அந்த வீட்டுக்காரரும் “எனக்கு ஒன்றுமில்லை, மற்ற ஆட்கள்தான்” என்றுதான் சொல்லியிருப்பார்.

அவர் கண்டுபிடித்த வழி இது. “நீர் விடிய முன்னம் வாரும். பின்பக்கத்தாலை. கடை திறக்க முதல் எல்லாத்தையும் செய்து வைச்சிட்டுப் போம். ஆரும் கேட்டால் நீர் இப்ப இல்லையெண்டு சொல்லுறம். ஒருத்தருக்கும் பிரச்சினையில்லை.”

சொல்லி முடித்துவிட்டு, அவள் அப்போதுதான் பொரித்து வைத்த பற்றீஸில் ஒன்றை எடுத்து ஊதி ஊதிச் சாப்பிட்டார்.

துல்மா ஒப்புக்கொண்டாள். தோர்ஜ் செய்கிற கூரை போடும் வேலை குளிர்காலத்தில் இல்லை, அவன் வீட்டில் இருந்தான். வாடகையும் மாத்திரையும் இந்த வேலையை நம்பித்தான். றோசலின்தான் கொதித்தாள். “உனக்கு ரோசம் எண்டு ஒண்டு இல்லையோடி? மனித உரிமை எண்டு ஒரு சாமான் இஞ்ச இருக்கு. போய்ச் சொல்லு. நான் சாட்சி வாறன்” என்றாள். துல்மா மாவைப் பிசைந்தாள்.

பின்கதவுக்குப் போகிற வழியில் நாலு கடைகளின் குப்பைத் தொட்டிகளும் வரிசையாக நின்றன. தை, மாசி முழுக்க அவள் உறைபனியில் அவற்றைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். ஒவ்வொரு காலையும் முதல் பற்றீஸ் இக்னேசியஸுக்கு. ஒவ்வொரு நாளும் அதே பின்னல் ஓரம் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கப்பட்டது. அந்தப் பின்னலை வேறு யாரும் பின்ன முடியாது என்று வாங்குகிற அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாத மாதிரி வாங்கிப்போனார்கள். கண்ணால் காணாவிட்டால் கிருமி இல்லையாம்!

இதெல்லாவற்றையும் அவள் தாங்கியிருப்பாள். ஆனால் மாசி மாதக் கடைசியில் ஒன்று நடந்தது. ஸ்கானுக்குப் போக வேண்டிய நாள். கிளினிக் வரவேற்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருப்பது அவளுக்குத் தெரியும். வாசல் வரை போனாள். கண்ணாடிக்குள்ளால் அந்தப் பிள்ளையின் தலையைக் கண்டாள். திரும்பி பஸ் எடுத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். தோர்ஜிடம் போய்வந்ததாகப் பொய் சொன்னாள். பொய் சொல்லவும் எங்களிடம்தான் பழகினாள்.

அன்றைக்கு இரவு கண் மூடினால் தாயின் வீங்கின வயிறுதான் வந்தது. தாய்க்குச் சொல்ல ஆளில்லை, அதனால் போகவில்லை. தனக்கு எல்லாம் தெரிந்தும் போகவில்லையே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. ஆனாலும் அடுத்த நாளும் போன் எடுத்து வேறு நாள் கேட்க அவளால் முடியவில்லை. ஒரு மாதம் போனது.

உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாள் ஓடர் குவிந்துவிட்டது. கடை திறக்கிற நேரம் தாண்டியும் வேலை முடியவில்லை. “சத்தம் போடாமல் உள்ளுக்கே நில் பிள்ளை, வெளியிலை வந்திடாதை” என்று பேபி குசினிக் கதவைச் சாத்திவிட்டு முன்னால் போனா. துல்மா அடுத்த தட்டை அடுக்கி எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள். முன்னால் பிரதீபாவின் குரல் கேட்டது.

“இப்பதான் பேபி அக்கா நிம்மதியாச் சாப்பிடக் கூடியதா இருக்கு. அவள் நிண்ட காலத்திலை வாயிலை வைக்கவே அருவருப்பு. இப்ப ஆர் செய்யிறது? கைப்பக்குவம் முந்தியைவிடத் திறம்.”

“எங்கட ஆக்கள்தான் பிரதீபா. ஊரிலையிருந்து புதுசா வந்த பிள்ளை. நல்ல துப்புரவு.”

துல்மா இடுப்பால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். முழங்கை வரை மா. கையில் சூடான தட்டு. கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தட்டைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள்.

“வணக்கம் பிரதீபா அக்கா. அது நான் செய்தது. உங்கட கையிலை இருக்கிறது. போன கிழமை கொண்டுபோனதும் நான்தான். ஒரு நாளும் வேற ஆரும் செய்யேல்லை.”

பிரதீபாவின் வாய் மென்றபடியே நின்றது. விழுங்குவதா துப்புவதா என்று அவவுக்குத் தெரியவில்லை. பேபி துல்மாவின் கையைப் பிடித்து இழுத்தா. “உள்ளுக்குப் போ பிள்ளை, என்ன விசர்க் கதை கதைக்கிறாய்!” சத்தம் கேட்டு இக்னேசியஸ் குசினியில் இருந்து ஓடிவந்தார். காலையில் சாப்பிட்ட பற்றீஸின் தூள் அவர் மீசையில் அப்படியே இருந்தது.

துல்மா கையை உதறிவிட்டு அவரைப் பார்த்தாள்.

“அண்ணை, நீங்கள் பயந்து என்னை வேலையாலை கலைச்சிருந்தால் நான் பேசாமல் போயிருப்பன். பயந்த ஆக்களிலை எனக்குக் கோவம் இல்லை. உங்களுக்குப் பயமில்லை. ஒவ்வொரு காலமையும் முதல் பற்றீஸ் நீங்கள்தான் சாப்பிடுறியள். சாப்பிட்டுப்போட்டு என்னைக் குப்பைப் பக்கத்தாலை வா எண்டு சொல்லுறியள்.”

“பிள்ளை, சனம் நிக்குது…”

“நிக்கட்டும். நான் என்ர ஸ்கானை விட்டிட்டன். கிளினிக்கிலை தமிழ்ப் பிள்ளை நிக்குது எண்டு வெக்கத்திலை விட்டிட்டன். என்ர அம்மா உதாலைதான் செத்தவ. எனக்கு இந்த ஈரல் வருத்தம் சின்னனிலையிருந்து இருக்கு, ஒரு நாளும் வெக்கம் இருந்ததில்லை. வெக்கத்தை நீங்கள்தான் தந்தனீங்கள்.” ஏப்ரனைக் கழற்றி மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். “எங்கட கூடாரத்துக்கு ஒரு கதவுதான் அண்ணை. விருந்தாளியும் அதாலை, வீட்டுக்காரரும் அதாலை. பின்கதவு எண்டு எங்களிட்டை இல்லை. கிளினிக்கிலை நாள் கிடைச்சால் செவ்வாய்க்கிழமை ஸ்கானுக்குப் போறன். புதன்கிழமை வருவன். முன்கதவாலை வருவன்.”

ஆட்களை விலக்கிக்கொண்டு முன்கதவால் வெளியே போனாள். அழுதாள்தான். பஸ் தரிப்பிடத்தில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டே கிளினிக்குக்குப் போன் எடுத்தாள். எடுத்தது அந்தத் தமிழ்ப் பிள்ளை. “ஓம் அன்ரி, செவ்வாய் காலமை ஒரு இடம் இருக்கு, வாங்கோ” என்றது. அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு அது நாளைக்கு நூறு தரம் சொல்கிற வசனம்.

இக்னேசியஸ் மனம் திருந்தினார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. திங்களும் செவ்வாயும் பேபி பின்னிய பற்றீஸ் எண்ணெய்க்குள் வாயைத் திறந்தன. றோசலினைப் பின்னச் சொன்னார்கள். தெரியாது என்றுவிட்டாள். அவளுக்கு நன்றாகவே தெரியும், பக்கத்தில் நின்று ஆறு வருடம் பார்த்தவள். புதன்கிழமை காலை துல்மா வந்தபோது முன்கதவு பூட்டியிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே இக்னேசியஸ் திறப்போடு நின்று நிலத்தைப் பார்த்தார். றோசலின் பின்பக்கத்துக்குப் போகாமல் துல்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். எவ்வளவு நேரம் நின்றார்களோ, கடைசியில் பூட்டுக்குள் திறப்பு திரும்பியது. மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. துல்மா நிலைப்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனாள். நிலைப்படியை மிதிப்பது வீட்டுக்காரரின் கழுத்தை மிதிப்பதற்குச் சமம் என்பது அவர்கள் வழக்கம். அந்த மனுசனுக்கு அவள் அந்த மரியாதையையும் கொடுத்தாள்.

பிரதீபா அதற்குப் பிறகு வரவில்லை. இன்னும் சிலர் வரவில்லை. வந்தவர்கள் வந்தார்கள், கண்ணாடிப் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள், வாங்கினார்கள்.

அடுத்த கிழமை சனிக்கிழமை, கடை நிறையச் சனம். துல்மா முன்னால் நின்று பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது டொக்டரிடம் இருந்து போன் வந்தது. கேட்டாள். முகம் மலர்ந்தது. போனை வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பி, பிளாசாவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

“றோசலின் அக்கா! ஸ்கான் நல்லா வந்திருக்கு! ஈரலிலை ஒண்டும் இல்லையாம்!”

பேபி கல்லாவில் இருந்து பதறி எழுந்தா. “மெல்லச் சொல்லு பிள்ளை, மெல்ல.”

துல்மா பெட்டியை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி அவவைப் பார்த்தாள்.

“ஏன் அக்கா மெல்ல?”

பேபி வாயைத் திறந்தா. கடையில் நின்ற எல்லாரும் அவவின் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.